சேர்வராயன் மலையில் காபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம், கொட்டச்சேடு என்று ஏற்காட்டைச் சுற்றி அரை ஏக்கரும் ஐந்து ஏக்கருமாகக் காபி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைக் கேட்டபடியே தொகுத்திருக்கிறோம். பதில்கள் அரபிகா காபிக்கானவை. இந்த மலையில் சிறு விவசாயிக்கு நட்டம் பெரும்பாலும் செடியில் வருவதில்லை. பழம் சிவந்ததிலிருந்து மூட்டை கட்டும் வரை உள்ள சில வாரங்களில்தான் வருகிறது. அதனால் அந்தப் பகுதியை விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

எங்க காடு ஏற்காட்டுக்குக் கொஞ்சம் கீழ, சரிவுல இருக்கு. அங்க காபி வருமா?

கடல் மட்டத்திலிருந்து 900 முதல் 1,500 மீட்டர் வரை அரபிகாவுக்கு ஏற்ற உயரம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காபியைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து தோட்டங்கள் நிலைத்திருப்பது இந்த உயரத்தில்தான். 900 மீட்டருக்குக் கீழே வெயில் கூடும், தண்டுத்துளைப்பான் தொல்லையும் கூடும். அங்கே அரபிகாவை நட்டுச் சிரமப்பட வேண்டாம்.

உயரம் சரியாக இருந்தாலும் மண்ணைப் பார்க்காமல் நடாதீர்கள். தண்ணீர் தேங்காத மண், புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 6.0 முதல் 6.5 வரை. தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மேல் சருகை ஒதுக்கிவிட்டு 9 அங்குல ஆழம் வரை மண் எடுத்து, கலந்து, அரை கிலோ மட்டும் சோதனைக்குக் கொடுங்கள். பி.எச். 6-க்குக் கீழே இருந்தால், சோதனை முடிவில் சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ போட வேண்டும். புளித்த மண்ணில் எவ்வளவு உரம் கொட்டினாலும் வேர் அதை முழுதாக எடுக்காது.

எந்த ரகம் நடலாம்? எஸ்.795 நல்லதா, சந்திரகிரி நல்லதா?

எஸ்.795 உயரமாக வளரும் பழைய ரகம். கோப்பையில் சுவை நன்றாக இருக்கும். இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடியாகப் படியும் இலைத்துரு நோயைத் தாங்கும் சக்தி அதற்கு முன்புபோல் இல்லை என்பதால் மருந்து தெளிப்பைத் தவறவிடக் கூடாது. சந்திரகிரி, பாலெஹொன்னூர் மத்திய காபி ஆராய்ச்சி நிலையம் 2007-இல் வெளியிட்ட குட்டை ரகம். துருவை நன்றாகத் தாங்கும், கொட்டையும் பெரிது. ஆனால் நிறையக் காய்ப்பதால் நிறையத் தீனி கேட்கும். உரம் போட வசதியில்லாதவர் அதை நட்டால் இரண்டு மகசூலுக்குப் பிறகு கிளை நுனி காய்ந்து நிற்கும்.

காவேரி ரகத்தைப் புதிதாக நட வேண்டாம் என்றுதான் சொல்வோம். துரு எதிர்ப்பு உடைந்துவிட்டது, தண்டுத்துளைப்பானும் அதை விடுவதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கீழே முளைத்துக் கிடக்கும் நாற்றைப் பிடுங்கி நடுவதும் வேண்டாம். எந்தத் தாயின் பிள்ளை என்று தெரியாத செடியோடு இருபது முப்பது வருஷம் மல்லாட வேண்டியிருக்கும்.

ஏக்கருக்கு எத்தனை செடி? குழி எவ்வளவு?

ஆறுக்கு ஆறு அடியில் நட்டால் ஏக்கருக்கு 1,210 செடி, ஏழுக்கு ஏழு என்றால் ஏறக்குறைய 890. எஸ்.795-க்கு ஏழடி வசதி. குட்டை ரகத்துக்கு ஆறடிக்குள் போதும். குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். கோடையிலேயே குழி எடுத்து ஆறவிட்டு, முதல் மழை விழுந்ததும் மேல்மண்ணையும் மக்கிய எருவையும் கலந்து மூடுங்கள். ஜூன், ஜூலையில் நடலாம், தவறினால் செப்டம்பர். நடும்போது ஆணிவேர் மடங்கியிருந்தால் அந்த நுனியைக் கிள்ளிவிட்டு நடுங்கள். மடங்கிய வேரோடு நட்ட செடி நாலாம் வருஷம் காய்ப்புக்கு வரும்போது மஞ்சளாகி நின்றுவிடும்.

நட்டு எத்தனை வருஷத்துல காசு பார்க்கலாம்?

மூன்றாம் வருஷம் கண்ணில் காட்டும், நாலாம் வருஷம் கூலிக்குக் கட்டும், ஆறாம் வருஷத்திலிருந்து முழு மகசூல். அதுவரை இடையில் வாழை போடலாம். சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றலாம்.

நிழல் எவ்வளவு வேணும்? சில்வர் ஓக்கை வெட்டி வித்துட்டா வெயில் பட்டு நல்லா காய்க்குமே?

இந்த ஒரு கேள்விக்குத் தவறான பதிலை நம்பித்தான் இங்கே அதிகத் தோட்டங்கள் போயிருக்கின்றன. மரத்தை மொத்தமாக வெட்டியதும் அடுத்த வருஷம் காய்ப்பு கூடுவது உண்மை. வெயிலில் செடி அளவுக்கு மீறிப் பூக்கும், அத்தனை காயையும் தாங்க இலை போதாது. காய் பழுப்பதற்குள் கிளை நுனியிலிருந்து காயத் தொடங்கும். அதற்கு அடுத்த வருஷம் காய்ப்பு பாதிகூட இருக்காது. அதற்குள் வெயில் பட்ட தண்டைத் தேடி வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வந்துவிடும்.

நிழல் இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். கீழடுக்கில் கல்யாண முருங்கை. மேலடுக்கில் சில்வர் ஓக், பலா, அத்தி, பட்டர் ஃப்ரூட் போன்றவை. சில்வர் ஓக் மட்டுமே இருக்கும் தோட்டத்தில் நிழல் மெல்லியது, சருகும் எளிதில் மக்காது. மத்தியானம் செடிக்கு நடுவில் நின்று தரையைப் பாருங்கள்: வெயிலும் நிழலும் பொட்டுப் பொட்டாகக் கலந்து விழுந்தால் சரி. தரை முழுக்க வெளிச்சம் என்றால் நிழல் குறைவு. தரை இருட்டிப் பாசி பிடித்திருந்தால் அதிகம்.

நிழல் கழிப்பது மழைக்கு முன்னால், மே கடைசி, ஜூன் தொடக்கத்தில். பறிப்பு முடிந்த கையோடு பிப்ரவரியில் கழித்தால் கோடை முழுக்கத் தண்டு வெயிலில் நிற்கும். பணத்தேவைக்கு மரம் விற்றே ஆக வேண்டும் என்றால் ஒரே மூலையில் மொத்தமாக வெட்டாமல், தோட்டம் முழுக்கப் பரவலாக, பத்து மரத்துக்கு ஒன்று என்று வருஷா வருஷம் எடுங்கள். எடுப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே பக்கத்தில் கன்று நட்டிருக்க வேண்டும்.

நல்லா இருந்த செடி திடீர்னு மஞ்சளாகி வாடுது. தண்ணி பத்தலையா?

செடியின் தண்டைத் தடவிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் நரம்பு புடைத்ததுபோல் வரி வரியாக மேடு தட்டுப்பட்டால் அது வெள்ளைத் தண்டுத்துளைப்பான். வண்டு பட்டையின் வெடிப்பில் முட்டையிடும். புழு முதலில் பட்டைக்கு அடியில் தின்னும். பிறகு கட்டைக்குள் போய், தின்ற வழியைத் தூளால் அடைத்துக்கொண்டு ஒன்பது பத்து மாதம் உள்ளேயே இருக்கும். கட்டைக்குள் போன பிறகு எந்த மருந்தும் அதைத் தொடாது.

வண்டு வெளியே பறக்கும் காலம் வருஷத்தில் இரண்டு: ஏப்ரல் முதல் மே வரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதனால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் தோட்டம் முழுக்க ஒவ்வொரு செடியாகப் பார்த்து, மேடு தட்டிய செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். விறகுக்கு ஆகுமே என்று வீட்டுப் பின்னால் அடுக்கி வைத்தால் உள்ளே இருக்கும் வண்டு அங்கிருந்து பறந்து மறுபடியும் தோட்டத்துக்கே வரும். விறகு வேண்டுமென்றால் கட்டையைப் பத்து நாள் தண்ணீரில் மூழ்கடித்து வைத்துவிட்டுக் காயவையுங்கள்.

நல்ல செடிகளில் தென்னைநார்க் கையுறையால் தண்டைத் தேய்த்துச் செதில் பட்டையை உதிர்த்துவிட்டால் முட்டையிட இடம் இருக்காது. வண்டு பறக்கும் முன்பு 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு கலந்து தண்டிலும் தடித்த கிளைகளிலும் அடிக்கலாம். கூர்மையான எதையும் வைத்துத் தேய்க்காதீர்கள். பச்சைப் பட்டை கிழிந்தால் செடிக்கே கேடு.

பூ மழை சரியா பெய்யலை. என்ன ஆகும்?

மொட்டு முற்றிய செடிக்கு மார்ச், ஏப்ரலில் ஓரங்குலத்துக்குக் குறையாத மழை வேண்டும். பெய்த ஒன்பது பத்து நாளில் தோட்டம் வெள்ளையாகும். அரை அங்குலத்தோடு நின்றுவிட்டால் மொட்டு பாதி விரிந்து, பூ நட்சத்திரம்போல் பச்சையாக நின்று கருகும். பூத்த மூன்று நாலு வாரத்தில் பின்மழை ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் பிஞ்சு உதிரும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் தெளிப்பான் வைத்து அந்த ஓரங்குலத்தைக் கொடுக்கலாம். மழை விட்டு விட்டுப் பெய்தால் பூவும் இரண்டு மூன்று தவணையாக வரும். பறிப்பு இழுத்துக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம்.

இலைக்கு அடியில ஆரஞ்சுப் பொடி. போர்டோ கலவை நாங்களே தயார் பண்ணலாமா?

பண்ணலாம். இலைத்துருவுக்கு அரை சதவீதக் கலவை: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 200 லிட்டர். துத்தத்தைப் பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோ கரையுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. சுண்ணாம்பைத் தனியாகத் தண்ணீர் விட்டுத் தாளித்து வடிகட்டி, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கிண்டுங்கள். துலக்கிய கத்தியை ஒரு நிமிஷம் கலவையில் விட்டு எடுத்தால் சிவப்பாகச் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும், இல்லையேல் இலை கருகும். அன்றே தெளித்து முடிக்கவும். பருவமழைக்கு முன்பு ஒருமுறை, செப்டம்பர் வாக்கில் ஒருமுறை, இலையின் அடிப்பக்கம் நனையும்படி. மேலே மட்டும் நனைத்தால் வேலை வீண்.

கவாத்து எப்போ, எப்படி?

பறிப்பு முடிந்ததும், பூ மழைக்கு முன்பு. இரண்டரை அடியில் முதல் தலைவெட்டு. உயர ரகத்தில் நாலரை, ஐந்தடியில் இரண்டாவது. நடுத்தண்டைச் சுற்றி அரையடிக்கு உள்ள சிறு கிளைகளை எடுத்து வெளிச்சம் விடுங்கள். மேலே குத்துக்கோலாக எழும் சிம்புகளை வருஷத்தில் மூன்று முறையாவது கையால் ஒடியுங்கள்.

பறிக்க ஆள் கிடைக்கலை. ஒரே தடவையா உருவிட்டா என்ன?

உருவினால் சிவந்தது, மஞ்சள், பச்சை எல்லாம் ஒன்றாக வரும். பச்சைக்காய் தோலுரிக்கும் இயந்திரமான பல்பரில் உரியாது, காய்ந்தால் கறுத்துச் சுருங்கும், எடையும் நிற்காது. கோப்பையில் கசப்பும் துவர்ப்பும் ஏறும். பழத்தை இரண்டு விரலால் அழுத்தினால் கொட்டை வழுக்கி வெளியே வர வேண்டும். அதுதான் பறிக்கும் பதம். நவம்பரில் தொடங்கி 10, 15 நாளுக்கு ஒருமுறை என்று மூன்று நாலு சுற்று பறித்து, கடைசிச் சுற்றில் மட்டும் மிச்சத்தை உருவுங்கள்.

ஆள் பிரச்சினைக்கு எங்களுக்குத் தெரிந்த நல்ல வழி, நாலைந்து குடும்பங்கள் முறை வைத்து ஒருவர் தோட்டத்தில் ஒருவர் பறிப்பது. பழம் ஒரே நாளில் சேர்வதால் பல்பரையும் ஒருமுறை ஓட்டினால் போதும்.

பல்பர்ல போட்டு உரிக்கணுமா? அப்படியே களத்துல காயவெச்சா போதாதா?

இரண்டும் செய்யலாம். அப்படியே காயவைப்பது செர்ரி. தோலுரித்து, கழுவி, ஓட்டோடு காயவைப்பது பார்ச்மென்ட். செர்ரிக்குத் தண்ணீர் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஆனால் காய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். சிக்கமகளூரில் பறிப்புக் காலம் பெரும்பாலும் வெயில் காலம். நமக்கு வடகிழக்குப் பருவமழை நவம்பரிலும், புயல் வந்தால் டிசம்பரிலும் களத்தின் மேலேயே பெய்யும். அந்த மழையில் முழுப் பழம் பூசணம் பிடிக்காமல் காய்வது அரிது. அதனால் தொடக்கச் சுற்றுகளைப் பார்ச்மென்ட்டாகவும், ஜனவரிக்குப் பிறகு வரும் கடைசிச் சுற்றைச் செர்ரியாகவும் போடுவது இந்த மலைக்குப் பொருந்தும்.

எதுவானாலும் பறித்த பழத்தை மூட்டையில் கட்டி இரவில் வைக்காதீர்கள். மூட்டைக்குள் கைவிட்டால் சூடு தெரியும். அந்தச் சூட்டிலேயே பழம் கெட ஆரம்பித்துவிடும். அன்றே உரிக்க வேண்டும்.

பல்பர்ல கொட்டை வெட்டுப்படுது, சிலது உரியாமலே வருது. ஏன்?

உருளைக்கும் தடுப்புத் தகட்டுக்கும் உள்ள இடைவெளி சரியில்லை. நெருக்கமாக இருந்தால் கொட்டை வெட்டுப்படும், அகலமாக இருந்தால் பழம் முழுதாக வெளியே விழும். தினமும் ஓட்டும் முன் இரண்டு கைப்பிடி பழம் போட்டுப் பார்த்துத் திருகைச் சரிசெய்யுங்கள். பல்பருக்குப் போகும் முன் பழத்தைத் தொட்டித் தண்ணீரில் கொட்டி, மிதப்பதை அள்ளித் தனியாகச் செர்ரிக்குப் போடுங்கள். மிதப்பவை பூச்சி துளைத்தவை, உள்ளே கொட்டை நிறையாதவை. கல்லும் அப்போதே அடியில் தங்கிவிடும். வெட்டுப்பட்ட கொட்டை தொட்டியில் ஊறும்போது அந்த வெட்டிலிருந்துதான் கெடும்.

உரிச்ச கொட்டையை எத்தனை மணி நேரம் ஊறப்போடணும்?

மணிக்கணக்கை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். வழக்கமாக 24 முதல் 36 மணி. மார்கழிக் குளிரில் 48 மணி வரைகூட இழுக்கும். கதகதப்பான நாளில் 20 மணியில் முடிந்துவிடும். தண்ணீரை வடித்துவிட்டுக் கொட்டையைத் தொட்டியில் மூடி வையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கிண்டினால் மேலும் கீழும் ஒரே சீராகப் புளிக்கும்.

பதம் பார்ப்பது இப்படி: ஒரு பிடி எடுத்துக் கழுவி உள்ளங்கையில் தேயுங்கள். கொழகொழப்பு போய், கூழாங்கல்லைத் தேய்ப்பதுபோல் கரகரவென்று சத்தம் வர வேண்டும். தொட்டியில் கம்பைக் குத்தி எடுத்தால் குழி மூடாமல் அப்படியே நிற்க வேண்டும். இரண்டும் சரி என்றால் இரவு பத்து மணியானாலும் உடனே கழுவுங்கள். விடியட்டும் என்று விட்டால் புளிப்பு முற்றி ஊசல் நாற்றம் ஏறும். அப்படி ஏறிய ஒரு சில கொட்டை போதும், ஒரு மூட்டையின் வாசனையையே கெடுக்க. மூன்று நாலு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். தொட்டியின் மூலையில் முந்தைய நாள் கொட்டை ஒன்றுகூடத் தங்கக் கூடாது.

கார்த்திகை மழை விடாம பெய்யுது. எங்க போய் காயவைக்கிறது?

மழை வரும் என்று தெரிந்தே திட்டமிட வேண்டும். மண்தரையிலும் சாணி மெழுகிய களத்திலும் பார்ச்மென்ட் போடாதீர்கள். மண் வாசனை அப்படியே ஏறும். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் கம்பிவலை மேசை, மேலே மூங்கில் வளைவில் பாலிதீன் கூரை, இரண்டு முனையும் திறப்பு. 100 கிலோ பழத்தின் கொட்டைக்குப் பத்துக்கு மூன்று அடி மேசை ஏறக்குறைய சரியாக இருக்கும். ஓரங்குல உயரத்துக்கு மேல் பரப்பக் கூடாது. முனைகளை மூடிவிட்டால் உள்ளே வியர்த்து, கொட்டை வேகும்.

முதல் நாள்தான் முக்கியம். மணிக்கு ஒருமுறை கிளறி, ஓட்டின் மேல் ஈரம் போகும் வரை விடாமல் பாருங்கள். மூன்றாம் நாள் முதல் உச்சிவெயிலில் துணி போட்டு மூடுங்கள். வேகமாகக் காய்ந்தால் ஓடு வெடித்து, கொட்டையின் நிறம் வெளுக்கும். சாயங்காலம் குவித்து மூடிவிட வேண்டும், பனி படக் கூடாது. நல்ல வெயிலில் ஏழு முதல் பத்து நாள் ஆகும்.

கழுவி முடித்ததும் அடைமழை பிடித்துக்கொண்டால் சுத்தமான தண்ணீரில் மூழ்கவைத்து, காலையும் மாலையும் தண்ணீரை மாற்றி, ஓரிரு நாள் தாட்டலாம். ஈரக் கொட்டையைச் சாக்கில் போட்டுக் கட்டி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

காஞ்சுதான்னு எப்படித் தெரியும்? வியாபாரி ஈரம்னு சொல்லி எடை கழிக்கிறார்.

பார்ச்மென்ட் 10 சதவீத ஈரத்தில் நிற்க வேண்டும், செர்ரி 10.5. உள்ளங்கையில் தேய்த்தால் ஓடு நொறுங்கி வரும்; உள்ளே கொட்டை நீலம் கலந்த சாம்பல் நிறம். செர்ரியை மூடிய கையில் குலுக்கினால் கலகலக்கும். இன்னும் நிச்சயமாகத் தெரிய, ஒரே படியில் தலைதட்டி அளந்து தினமும் எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. ஐந்தாறு பேர் சேர்ந்து ஈரமானி ஒன்று வாங்கிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

அதிகமாகக் காயவைப்பதும் நட்டம்தான். 10 சதவீதத்தில் 50 கிலோ நிற்கும் மூட்டை 8 சதவீதத்துக்குப் போனால் ஒரு கிலோவுக்கு மேல் எடை போய்விடும். ஆலையில் கொட்டை உடையவும் செய்யும். காய்ந்ததைப் புதிய சணல் சாக்கில் கட்டி, பலகை மேல், சுவரில் ஒட்டாமல் வையுங்கள். உரமூட்டைச் சாக்கு வேண்டவே வேண்டாம்.

100 கிலோ பழத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? பார்ச்மென்ட்டா வித்தா லாபமா, செர்ரியாவா?

100 கிலோ நல்ல பழத்துக்கு ஏறக்குறைய 20 கிலோ பார்ச்மென்ட், அதை ஆலையில் குத்தினால் 16 கிலோ சுத்தக் கொட்டை. 50 கிலோ மூட்டையில் பார்ச்மென்ட் 40 கிலோ கொட்டை தரும், செர்ரி 25 கிலோவை ஒட்டித் தரும். ஆகவே மூட்டை விலைகளை நேராக ஒப்பிடாதீர்கள். பார்ச்மென்ட் விலையை 40-ஆலும் செர்ரி விலையை 25-ஆலும் வகுத்து, கொட்டைக் கிலோவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அந்த வித்தியாசம் உரித்துக் கழுவும் கூலிக்கு மேல் வந்தால்தான் பார்ச்மென்ட் லாபம். உங்கள் சரக்கிலேயே ஒரு கிலோ குத்திப் பார்த்து உண்மையான அளவைத் தெரிந்துகொண்டு பேசினால் இன்னும் நல்லது.

காயோட நுனியில குண்டூசி ஓட்டை. இதுவும் தண்டுத்துளைப்பானா?

இல்லை, இது காய்த்துளைப்பான், வேறு பூச்சி. இந்தியாவில் 1990-இல் கூடலூர்ப் பக்கம் முதலில் தென்பட்டது. பறிக்காமல் விட்ட காயிலும் தரையில் உதிர்ந்த காயிலும் தங்கி அடுத்த மகசூலுக்கு வரும். பறிக்கும்போது செடிக்குக் கீழே சாக்கு விரித்து, உதிர்ந்ததைப் பொறுக்கி, கடைசிக் காய் வரை எடுத்துவிடுவதே பெரிய மருந்து. துளைத்த காயைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் முக்கிக் காயவையுங்கள். மேலே சொன்ன ஈர அளவுக்குக் காய்ந்த சரக்கில் இது பெருகாது.

தோலையும் கழுவுன தண்ணியையும் ஓடையில விடலாமா?

கூடாது. புளித்த தண்ணீர் ஓடையில் உள்ள உயிர்க்காற்றைத் தின்றுவிடும், கீழே குடிக்கும் மாடும் மனிதரும் இருக்கிறார்கள். குழி வெட்டித் தேக்கி, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்து மண்ணில் ஊறவிடுங்கள். தோலைச் சாணி, சருகோடு அடுக்கி மக்கவைத்தால் நாலைந்து மாதத்தில் செடிக்கே எரு.

ஐரோப்பாவுக்குப் போற காபிக்கு நில விவரம் கேக்குறாங்களாமே?

2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபியை வாங்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நாலு ஹெக்டேருக்கு உட்பட்ட தோட்டத்துக்குச் செயற்கைக்கோள் குறிப்பு ஒரு புள்ளி போதும். பட்டா நகலோடு காபி வாரியத்தில் தோட்டத்தைப் பதிந்து வையுங்கள். மானியம் கேட்கவும் அது உதவும்.

நாங்களே வறுத்து, அரைச்சு, ஏற்காடு வர்றவங்களுக்கு விக்கலாமா?

விற்கலாம், ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு. வறுத்தால் எடையில் 15 முதல் 18 சதவீதம் போகும். மேலே சொன்ன 16 கிலோ கொட்டை 13 கிலோவை ஒட்டி நிற்கும். உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு வேண்டும். சிக்கரி கலந்தால் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலந்த அளவை உறையில் அச்சிட வேண்டும். கறுப்பு, உடைசல், பூச்சி துளைத்ததை எல்லாம் கையால் பொறுக்கிய பிறகே வறுங்கள். வறுத்ததை ஆறவிட்டு ஒருநாள் கழித்து, ஒருவழி அடைப்பான் உள்ள பையில் அடைத்து, வறுத்த தேதியைப் பெரிதாகப் போடுங்கள். பொடியாக அரைத்து மாதக்கணக்கில் அடுக்கி வைக்காமல், வாங்குபவர் கேட்கும்போது அவர் கண்முன்னே அரைத்துக் கொடுங்கள்.